கிணறு தோண்டியவனின் தாய்

சனிக்கிழமைக் காலை. மல்கிரேவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பக்கத்துப் புறநகரான ஸ்பிரிங்வேலுக்குப் போகிறோம். நான் கார் ஓட்டுகிறேன். பக்கத்தில் என் மகள் ஆரணி. பன்னிரண்டாம் வகுப்பு. முழுகிய தலைமயிர் இன்னும் காயவில்லை. மடியில் பட்டர் பூசிய பாண் துண்டு ஒன்று கடிபடாமல் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ஒப்புவிக்கிறாள்.

"தி அமெரிக்கன் டிரீம் இஸ் அன் அன்அற்றெய்னபிள் இலூஷன்…"

"கண்ணைத் திறந்து சொல்லு. சோதினை மண்டபத்தில கண்ணை மூடிக்கொண்டே எழுதப் போறாய்?"

"அம்மா, குழப்பாதேங்கோ! இப்ப திரும்ப முதலிலயிருந்து சொல்ல வேணும்."

திரும்ப முதலிலிருந்து சொன்னாள். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குள் கார் திரும்பி, மீன்கடை வாசம் உள்ளே வரத் தொடங்கும்போது முடிவுரைக்கு வந்திருக்க வேண்டும். அதுதான் எங்களுடைய ஒழுங்கு. வாசம் வந்தும் அவள் நடுப்பந்தியில் நின்றால் நான் காரை மெதுவாக உருட்டுவேன்.

அந்த முதல் வசனத்தைத் தமிழில் சொன்னால், அமெரிக்கக் கனவு என்பது எட்ட முடியாத மாயை என்று வரும். அப்போது அதன் பொருளில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. பிள்ளை தடக்காமல் சொல்கிறாளா என்பதுதான் கவலை. 'அன்அற்றெய்னபிள்' என்ற இடத்தில் வழக்கமாகத் தடக்குவாள். ஒரு தடவை நான் சொல்லிக்காட்டப் போய் நானும் தடக்கினேன். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சிரிப்பு.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் மற்றவர்களைத்தான் எப்போதும் நக்கலடிக்கிறீர்கள்' என்று குறைப்பட்டிருந்தார். சரி ஐயா. இந்தக் கிழமை நக்கல் முழுக்க எனக்குத்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.

கராஜுக்குள் ஒரு வகுப்பு

நாங்கள் போய்க்கொண்டிருந்தது மேரி ரீச்சரின் வீட்டுக்கு. ரீச்சர் மலேசியத் தமிழர். கராஜுக்குள் கம்பளம் விரித்து, வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, ஆங்கில ரியூசன் நடத்தினார். ஒரு மூலையில் பழைய ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகள் ஹீற்றரைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள்போல ஒட்டிக்கொண்டு இருப்பார்கள்.

ரீச்சரின் முறை சுலபமானது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாவலுக்கு அவரே ஒரு கட்டுரை எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டுத் தந்துவிடுவார். பிள்ளைகள் பாடமாக்க வேண்டும்.

"எந்தக் கேள்வி வந்தாலும் பயப்படாதீங்கம்மா," என்பார் என்னிடம். "முதல் பந்திய மட்டும் கேள்விக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைச்சுட்டா போதும். மத்தத அப்படியே போட்டுடலாம்."

எங்கள் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாடமாக்காத படிப்பை நாங்கள் படிப்பாகவே மதிப்பதில்லை. ஆவர்த்தன அட்டவணையை இப்போது கேட்டாலும் நான் ராகத்தோடு சொல்லுவேன். அதில் உள்ளவற்றில் பாதியை நான் கண்ணால் கண்டதும் இல்லை, காணப்போவதும் இல்லை.

அந்த நாவல் அமெரிக்காவின் பழைய பெரிய நாவல்களில் ஒன்றாம். பெயரை விடுங்கள், இந்தக் கதைக்கு அது தேவையில்லை. ஒரு இளைஞன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மழை காணாத ஒரு ஊருக்குப் போகிறான். துளையிடும் இயந்திரம் ஒன்றை வாங்கி, 'உங்களுக்கு நான் தண்ணீர் எடுத்துத் தருகிறேன்' என்று ஊருக்கே வாக்குக் கொடுக்கிறான். தோண்டித் தோண்டியே கிழவனாகிறான். இவ்வளவும் ரீச்சர் எழுதிய சுருக்கத்தில் இருந்தது. புத்தகத்தை முழுதாக வாசிக்க யாருக்கு நேரம்? ஆரணியும் வாசிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் கட்டுரை எனக்குப் பாடமாகிவிட்டது. நான் வேலை செய்வது ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குப்பிகளுக்கு லேபல் ஒட்டும்போது என்னை அறியாமலே வாய் முணுமுணுக்கும். பக்கத்து மேசை வியட்நாம்காரி நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, தன் மகனுக்கும் சேர்த்துக் கும்பிடச் சொன்னாள்.

ஆரணிக்கு நல்ல புள்ளி வந்தது. ரீச்சருக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பிளாஸ்ரிக் உறைக் கட்டுரை அலுமாரிக்குள் எங்கோ போனது. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

புட்டு அவிந்துகொண்டிருந்தபோது

வருடங்கள் போயின. ஆரணி படித்து முடித்து, காது கேளாதவர்களுக்கான கருவிகள் செய்யும் ஒரு கம்பனியில் வேலைக்குப் போனாள். எங்களோடுதான் இருந்தாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

ஒரு பின்னேரம் நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கலிபோர்னியாவில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டு வந்துதான் எங்களிட்டச் சொல்லுறியோ?"

"முதலே கேட்டிருந்தால் நீங்கள் நோ எண்டு சொல்லியிருப்பீங்கள்."

சொல்லித்தான் இருப்பேன். அதில் என்ன சந்தேகம்? பிள்ளையை மறிக்க வேண்டும், ஏதாவது பலமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள்ளிருந்து ஆங்கிலம் வந்தது.

"தி அமெரிக்கன் டிரீம் இஸ் அன் அன்அற்றெய்னபிள் இலூஷன்."

அதோடு நிற்கவில்லை. முதல் பந்தி முழுவதும் வந்தது. ஒரு இடத்திலும் தடக்கவில்லை. ஹோலில் போன் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழும்பி ஓடி வந்து, சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ஆரணி முதலில் திகைத்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்புத் தாங்காமல் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டாள்.

"அம்மா! இன்னும் ஞாபகம் வச்சிருக்கிறீங்களா?"

"சிரிக்காதை. நீ உன்ர கையால எழுதினனீ. எட்டாது எண்டு எழுதி மார்க்ஸும் வாங்கினனீ. பிறகென்னத்துக்கு அங்க போறாய்?"

"அது மார்க்ஸுக்கு, அம்மா. விளங்கத் தேவையில்லை, பாடமாக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். ஐயோ, இவளுக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறது!

அவள் விடவில்லை. "நீங்களும் அப்பாவும் இங்க வந்தனீங்கள்தானே? அது கனவு இல்லையோ?"

"நாங்கள் கனவு கண்டு வரேல்லை. யுத்தத்தில ஷெல்லடிக்குப் பயந்து வந்தனாங்கள்."

"அப்ப இந்த வீடு?"

புட்டுப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். வெள்ளைக் கல் மேசை, கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் தேசிமரம், அதுதான் எலுமிச்சை. "வீடு வீடுதான்," என்றேன். அது என்ன பதில் என்று எனக்கே தெரியவில்லை.

பிளாஸ்ரிக் தேசிக்காய்

இந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஸ்பிரிங்வேலில் ஒற்றை அறை பிளாட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே புதிய குடியிருப்புகளில் 'டிஸ்பிளே ஹோம்' பார்க்கப் போவோம். விற்கிறவர்கள் சனத்துக்குக் காட்டுவதற்காகவே கட்டி, கட்டில் விரித்து, சோடித்து வைத்திருக்கும் வீடுகள். வாங்கும் எண்ணம் கிடையாது. கோயில் சேலையோடு, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, அறை அறையாகப் பார்ப்போம். எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு அப்போது அதுதான் பொழுதுபோக்கு. அங்கே தெரிந்தவர்களைக் கண்டால் இரண்டு பக்கமும் வெட்கப்படும்.

எல்லா வீட்டுக் குசினியிலும் ஒரு கண்ணாடிக் கோப்பையில் மஞ்சள் தேசிக்காய்கள் இருக்கும். ஒரு நாள் ஆசைப்பட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். பிளாஸ்ரிக்! எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "எங்கட வீட்டில நிசத் தேசிக்காய்தான் வைப்பன்," என்று என் கணவரிடம் சபதம் போட்டேன்.

இப்போது எங்கள் தேசிமரம் அளவுக்கு மீறிக் காய்க்கிறது. ஊறுகாய் போட்டு, அயலுக்குக் கொடுத்து, அதற்கும் மிஞ்சிப் புல்லுக்குள் விழுந்து அழுகுகிறது. சரி, இது எட்டிய கனவா, எட்டாத கனவா? மேரி ரீச்சரின் கட்டுரையில் இதற்கு ஒரு பந்தியும் இல்லை.

ரீச்சரிடம் போன வழக்கு

எழுதியவரையே கேட்டுவிடுவோம் என்று அடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். ரீச்சர் ரியூசனை நிறுத்திவிட்டார். கராஜில் இப்போது கார் நிற்கிறது. "வாங்க வாங்க," என்று வரவேற்று, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"ரீச்சர், ஒண்டு கேக்கவேணும். அந்தக் கட்டுரையில நீங்கள் எழுதினது உண்மையோ, பொய்யோ?"

"எந்தக் கட்டுரைம்மா?"

முதல் வசனத்தைச் சொன்னேன். ரீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நீங்க கூடவா மனப்பாடம் பண்ணிட்டீங்க?"

"அதை விடுங்கோ. என்ர பிள்ளை அமெரிக்கா போகப்போறாள். கனவு, மாயை எண்டு நீங்களே படிப்பிச்சனீங்கள். ஒருக்கா அவளோட கதைச்சு மறிக்க ஏலாதோ?"

ரீச்சர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "அம்மா, அது எக்ஸாமுக்கு லா. பேப்பர் திருத்துறவங்களுக்கு அப்படி எழுதினாத்தான் பிடிக்கும்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "என் பையனே டெக்ஸாஸ்லதான் இருக்கான். கிரீன் கார்டு வந்துடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணி நாக்கைச் சுட்டது. நாங்கள் எல்லோரும் பாடமாக்கியிருக்கிறோம், ஒருவருமே நம்பவில்லை! நம்பியது நான் ஒருத்திதான். அதுவும் பத்து வருடம் பிந்தி.

புறப்படும்போது ரீச்சர் உள்ளே போய், ஓரம் மடிந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். "நீங்களே படிச்சுப் பாருங்கம்மா. எனக்கு இனி வேணாம்."

நான் தேடிய ஆள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலைத்தலத்துக் கார்த் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து வாசித்தேன். ஒரு கையில் சாண்ட்விச், மறு கையில் புத்தகம், மடியில் போன். விளங்காத சொல்லுக்குப் போனில் பொருள் பார்க்க வேண்டும். முதலில் ஒரு பக்கத்துக்கே மத்தியானம் முடிந்துவிடும்.

ஆரணியை மறிக்க இதற்குள் நல்லதாக ஒரு ஆயுதம் கிடைக்கும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் முதல் பக்கத்திலேயே வேறு ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வீட்டை விட்டுப் போகும் காட்சி. அவனுடைய தாய் மாப்பிசைந்த கையோடு வீட்டு வாசல் படலைக்கு ஓடி வருகிறாள். வண்டி புறப்பட்டுவிட்டது. கை முழுக்க மா. ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். அடுத்த பந்தியில் புதிய ஊர் வந்துவிடுகிறது.

பிறகு அவளுக்கு என்ன நடந்தது? அதை அறியத்தான் நான் மிச்சப் புத்தகம் முழுவதையும் வாசித்தேன். அவன் தோண்டுகிறான், உவர்த் தண்ணீர் வருகிறது. வேறு இடத்தில் தோண்டுகிறான், கல் வருகிறது. கலியாணம் கட்டுகிறான், கட்டியவள் விட்டுவிட்டுப் போகிறாள். எனக்கு அவன் தண்ணீரில் அக்கறை இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது, இப்போது தாயை நினைப்பான், இப்போது ஒரு செய்தி வரும், குறைந்தபட்சம் செத்தாள் என்றாவது ஒரு வரி வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் அவன் கிழவனாகி, இருமிக்கொண்டு இன்னும் தோண்டுகிறான். அங்கேயும் அந்தத் தாய் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்காக அழவில்லை. இத்தனை தடித்த புத்தகத்தை எழுதிய அந்த மனிசன், அந்தப் பொம்பிளையை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லையே என்றுதான் அழுதேன்.

வீட்டில் கதையைச் சொன்னேன். என் கணவர் கவனமாகக் கேட்டார். "அவன் பிழையான இடத்தில தோண்டியிருக்கிறான்," என்றார். "நீரோட்டம் பாக்கிற ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கோணும். எங்கட ஊரில எண்டால் ஒரு தடியோட வந்து பாத்துச் சொல்லியிருப்பாங்கள்."

"இஞ்சாருங்கோ, நான் அந்தத் தாயைப் பற்றிக் கேக்கிறன்."

"அவவுக்கென்ன? அவ வீட்டிலதானே நிண்டவ."

கடவுளே! இந்த மனிசனோடு என்ன கதைக்கிறது? ஆரணியின் அறைக்குப் போனேன். பெட்டி திறந்திருந்தது. கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிணறு தோண்டினவன்ர தாய்க்குப் பிறகு என்ன நடந்தது?"

"எந்தத் தாய்?"

"முதல் பக்கத்தில படலையில நிண்டவ."

யோசித்துப் பார்த்தாள். "ரீச்சர் தந்த சுருக்கத்தில அப்பிடி ஒரு ஆள் இல்லையே அம்மா."

நான் கட்டிலில் இருந்துகொண்டு, அவள் மடித்த சட்டைகளை எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன். அடுக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்தேன். போகிறவள் போகட்டும், இனி மறிக்க மாட்டேன். ஆனால் நான் படலையில் நிற்க மாட்டேன். திரும்பிப் பார்க்காத பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்கிறவள் நானாக இருக்க மாட்டேன்.

திரும்பவும் கார்

போகும் நாள். இளவெயில் அடித்தது. என் கணவர் கார் ஓட்ட, நானும் ஆரணியும் பின்னால் இருந்தோம். அவள் மடியில் நான் கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சல். சூடு ஆறவில்லை, சம்பல் வாசம் கார் முழுக்க. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அவள் மெல்லத் தொடங்கினாள்.

"தி அமெரிக்கன் டிரீம் இஸ் அன்…"

நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன். அவளும் சேர்ந்துகொண்டாள். பந்தி பந்தியாக இரண்டு பேரும் ஒப்புவித்தோம். அவள் மறந்த இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு. என் கணவர், "உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்," என்றார். முடிவுரை முடிந்தபோது விமானங்கள் பதிந்து பறப்பது தெரிந்தது.

உள்ளே பெட்டிகளைக் கொடுத்தோம். பயணிகள் மட்டும் போகக்கூடிய அந்த வாசலுக்கு முன்னால் கட்டிப்பிடித்தாள். அவள் தலையில் ஷாம்பு மணம். தலைமயிர் இன்னும் காயவில்லை. "போட்டு வாறன் அம்மா," என்றாள். "ஓம் பிள்ளை," என்றேன். அவள் வரிசையில் போய் நின்றாள். வளைந்து வளைந்து போகும் நீண்ட வரிசை. முதுகுதான் தெரிந்தது.

நான் என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்கோ, போவம்."

"பொறும். அவள் உள்ளுக்குப் போகுமட்டும் நிண்டு பாப்பம்."

"அவள் திரும்பிப் பாக்க மாட்டாள். எனக்குத் தெரியும். வாங்கோ."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வந்தார். நான் விறுவிறென்று நடந்தேன். கார்த் தரிப்பிடத்துக்கு வந்து, காருக்குள் ஏறி, பெல்ற்றையும் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் காரைக் கிளப்பும்போது என் போன் அடித்தது.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?" ஆரணியின் குரல் உடைந்திருந்தது. "வாசலுக்குக் கிட்ட வந்து திரும்பிப் பாத்தனான். நீங்கள் நிக்கேல்லை. எல்லா இடமும் பாத்தன். உங்களைக் காணேல்லை அம்மா."

பெல்ற்றை எப்படிக் கழற்றினேனோ தெரியாது. இறங்கி ஓடினேன். கார்களுக்கு நடுவால், தள்ளுவண்டிகளுக்கு நடுவால், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் என் கணவர், "இஞ்சாரும், மெல்ல! விழப்போறீர்!" என்று கத்துவது கேட்டது.

"இஞ்சதான் பிள்ளை நிக்கிறன்," என்றேன் போனில். மூச்சு வாங்கியது. "சனம் மறைச்சுப்போட்டுது. நான் இஞ்சதான் நிக்கிறன்."

"எந்தப் பக்கம் அம்மா?"

"வாசலுக்கு நேர. வடிவாப் பார்."

நான் போய்ச் சேர்ந்தபோது வரிசையில் வேறு ஆட்கள் நின்றார்கள். உட்கதவு மூடியிருந்தது. அவள் அதற்கு அங்கால் போய்விட்டாள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருப்பவர்களைத் தெரியாத கதவு அது. எனக்கு அது தெரியும். ஆனாலும் போனைக் காதில் வைத்தபடி, மற்றக் கையை உயர்த்திப் பிடித்தேன்.

"இப்ப தெரியுதோ பிள்ளை? கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன்."

உட்கதவு மூடியபடியே இருந்தது.

"ஓம் அம்மா," என்றாள் ஆரணி. "தெரியுது."